விதை பத்து ரூபா, தபால் ஐம்பத்தஞ்சு ரூபா

போன வாரம் ஒரு கவரைத் தூக்கிக்கிட்டு தபால் ஆபீஸுக்குப் போனேன். மதுரையில் மாடித்தோட்டம் வச்சிருக்கிற ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. ஊதா அவரை, வெண்டை, பீர்க்கு, கொஞ்சம் தண்டங்கீரை. எல்லாம் சேர்த்து, கவரோட எடை 38 கிராம். நான் ஒரு பொட்டலத்துக்கு வாங்குறது பத்து ரூபா. அதுகூட பொட்டலம் மடிக்கிற பேப்பருக்கும் பசைக்கும்தான்.

கவுண்டர்ல இருந்த பொண்ணு கவரை வாங்கி, கட்டைவிரலால நடுவுல அழுத்திப் பார்த்துச்சு.

"ஐயா, உள்ள என்ன இருக்கு?"

"விதைம்மா."

"அப்ப டாகுமெண்ட் இல்லையே. புடைச்சிட்டு வேற இருக்கு. பார்சல்ல போடட்டுமா?"

"38 கிராம்தாம்மா இருக்கு."

"எடை சரிதான் ஐயா. ஆனா இது பேப்பர் இல்லையே."

பின்னாடி ஆறு பேர் நிக்கிறாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பு எதுவும் இல்ல. கம்ப்யூட்டர் கேட்கிற கேள்வியைத்தான் அது என்கிட்ட கேட்குது. டாகுமெண்ட்டுன்னு வச்சு ஸ்பீடு போஸ்ட்ல போட்டாலே 47 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டா 55 ரூபாய் 46 காசு. பார்சல்னா கணக்கே வேற, அதுல பொதுவா முதல் படியே அரைக் கிலோவுல இருந்துதான் ஆரம்பிக்கும். கடைசியில் ரெண்டு அஞ்சு ரூபா ஸ்டாம்பு வாங்கி ஒட்டி, சாதா தபால்ல போட்டுட்டு வந்தேன். போய்ச் சேருமா, எப்ப சேரும், கேட்க ஒரு நம்பரும் கிடையாது. சேர்ந்துடும்னு ஒரு நம்பிக்கைதான்.

வர்ற வழியெல்லாம் இதே யோசனை. ஒரே கவர். ஒருத்தர் எடையைப் பார்த்தா பத்து ரூபா. இன்னொருத்தர் உள்ள என்னன்னு பார்த்தா, தடிமனைத் தொட்டுப் பார்த்தா, அஞ்சாறு மடங்கு. இதுல எது நியாயம்? நகரத்துல இருக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். எனக்கு ஏன் அப்படி இல்லைன்னு சொல்றேன்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தது ஞாபகம் இருக்கும். நீங்க வேளச்சேரி படத்தைத்தான் டிவியில் பார்த்திருப்பீங்க. எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் மிதந்ததையும் பார்த்திருக்கலாம். மணலி புதுநகருக்கு வடக்கே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டின எங்க பக்கத்துக்கு எந்த கேமராவும் வரல. எங்களுக்கு வெள்ளம் புதுசு இல்ல. 2015ல பார்த்தோம், 2021 நவம்பர்ல பூண்டியைத் திறந்துவிட்டப்பவும் பார்த்தோம். அதனால விதைப் பானைகளைப் பரண்ல ஏத்தி வச்சிருந்தேன். இந்த முறை கூரையே போயிடுச்சு. மேல இருந்து ரெண்டு நாள் மழை. பானைக்குள்ள இருந்த அவரை அத்தனையும் ஊறி முளை விட்டு அழுகிப்போச்சு. பதினோரு வருஷமா எடுத்து எடுத்துச் சேர்த்த விதை.

அதைப் பத்தி இங்கதான் ரெண்டு வரி எழுதினேன். எதையும் கேட்டு எழுதல, புலம்பினேன், அவ்வளவுதான். பொங்கலுக்கு முன்னாடி கவர் வர ஆரம்பிச்சுது. முன்ன எப்பவோ என்கிட்ட விதை வாங்கினவங்க, அவங்க மாடியில் வளர்த்து எடுத்த விதையில் ஒரு பிடி மடிச்சு எனக்கே திருப்பி அனுப்பினாங்க. பெரம்பூர், திருச்சி, ஈரோடு, பெங்களூரு. மொத்தம் பதினேழு கவர். அதுல அஞ்சு ரூபா ஸ்டாம்பு ஒட்டினது பத்து, பத்து ரூபா ஒட்டினது அஞ்சு. ரெண்டு மட்டும் ஸ்பீடு போஸ்ட். ஒரு கவர் மட்டும் காலியா வந்துச்சு. ஓரத்துல ஒரு ஓட்டை, உள்ள ஒரே ஒரு பீர்க்கு விதை ஒட்டிக்கிட்டு இருந்தது. முத்திரை குத்துற அடியில் அவரை உடைஞ்சு, அது பேப்பரைக் கிழிச்சிருக்கணும். மற்ற பதினாறும் முழுசா வந்து சேர்ந்துச்சு.

இன்னைக்கு என் பந்தல்ல ஏறியிருக்கிற ஊதா அவரை, பெரம்பூர்ல ஒரு மொட்டை மாடியில் இருந்து அஞ்சு ரூபா தபால்ல வந்த விதை. எனக்கு விதை வங்கின்னு தனியா எதுவும் கிடையாது. தபால்தான் அந்த வங்கி. அதனாலதான் கவர் தடிமன், அளவு, விலைன்னு ஒருத்தர் பேசினா நான் காது கொடுத்துக் கேட்கிறேன்.

முதல்ல சாதா தபால் கணக்கைச் சொல்லிடறேன். பலருக்கு இது தெரியாது. நம்ம நாட்டுல சாதா கடிதத்துக்கு வடிவம் ஒரு பொருட்டே இல்ல. முதல் 20 கிராமுக்கு அஞ்சு ரூபா. அதுக்கு மேல ஒவ்வொரு 20 கிராமுக்கும், இல்ல அதுல ஒரு பகுதிக்கும், இன்னொரு அஞ்சு ரூபா. 21 கிராம்னா பத்து ரூபா. நீளக் கவரா, சதுரக் கவரா, பழுப்புக் கவரான்னு யாரும் கேட்கிறதில்ல. ஒரு ஏ4 தாள் 4.4 கிராம் அளவுல இருக்கும். மூணு தாளும் ஒரு கவரும்னா 20 கிராமுக்குள்ள அடங்கிடும். நாலாவது தாளை வைக்கும்போது யோசிக்கணும்.

இந்த எடைக் கணக்கு வந்த கதையும் சுவாரசியமானது. இங்கிலாந்துல 1840க்கு முன்னாடி எத்தனை தாள், எவ்வளவு தூரம்னு பார்த்துத்தான் விலை. ரெண்டு தாள் வச்சா ரெண்டு மடங்கு. கவர் போட்டா அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால ஜனங்க என்ன பண்ணாங்க? ஒரே தாள்ல குறுக்கா எழுதிட்டு, அப்புறம் தாளைத் திருப்பி அதே எழுத்து மேல நெடுக்கா எழுதுவாங்க. படிக்கிறவன் கண்ணு போயிடும். ரோலண்ட் ஹில் வந்து, தாளை எண்ணாதே, தராசுல வை, தூரம் பார்க்காம ஒரே விலை வாங்குன்னு மாத்தினாரு. நம்ம பக்கம் அந்த முறை 1854 அக்டோபர்ல வந்தது. கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரை அணா. கால் தோலான்னா மூணு கிராம்கூட வராது. இன்னைக்கு இருக்கிற ஒரு ஏ4 தாளே அன்னைக்கு ரெண்டு மடங்கு விலை கேட்டிருக்கும்! கால் அணாவுக்கு போஸ்ட் கார்டு வந்தது 1879ல. இன்லண்டு லெட்டர் 1950ல. இந்த ரெண்டுலயும் பாருங்க, எடை போடவே வேண்டாம். அளவும் வடிவமும் முன்கூட்டியே முடிவாகிடுது. போஸ்ட் கார்டு இன்னைக்கும் அம்பது காசு, இன்லண்டு ரெண்டரை ரூபா. ஆக, வடிவத்தை வச்சு விலை போடுறது நமக்குப் புதுசு இல்ல. இன்லண்டுக்குள்ள எதையும் வைக்காதேன்னு அதுலயே அச்சடிச்சிருப்பான். அதுக்குள்ள அஞ்சு ரூபா நோட்டை மடிச்சு வச்சு அனுப்பின பாட்டிங்களும் நம்ம வீட்டுலதான் இருந்தாங்க.

ஸ்டாம்பு குறைஞ்சா பேரிங். குறைஞ்ச காசுக்கு ரெண்டு மடங்கு வாங்குறவர் கொடுக்கணும். எங்க தாத்தா காலத்துல முக்கியமான கடிதம்னா வேணும்னே ஸ்டாம்பு ஒட்டாம பேரிங்ல போடுவாங்களாம். காசு வசூல் பண்ண வேண்டியிருக்கிறதால தபால்காரர் எப்படியும் ஆளைத் தேடிப் பிடிச்சுக் கொடுத்துடுவார்னு ஒரு கணக்கு. இந்தக் கால டிராக்கிங் நம்பரை எங்க தாத்தா அப்பவே கண்டுபிடிச்சுட்டாருன்னு வச்சுக்கலாம்.

அப்புறம் புக் போஸ்ட். கல்யாணப் பத்திரிகையை ஞாபகப்படுத்திக்கோங்க. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கவரோட மேல் மடிப்பை ஒட்டாம உள்ள சொருகி, மேல புக் போஸ்ட்டுன்னு எழுதுவோம். ஏன் ஒட்டக்கூடாது? உள்ள அச்சடிச்ச தாள் மட்டும்தான் இருக்கு, கடிதம் இல்லன்னு தபால்காரர் பிரிச்சுப் பார்த்துக்கலாம். அதுக்குத்தான் விலைச் சலுகை. எங்க வீட்டுக் கல்யாணத்துல மாமா ஒருத்தர் பத்திரிகைக்குப் பின்னாடி "பாத்திரம் ரெண்டு நாள் முன்னாடியே எடுத்து வரவும்" அப்படின்னு கையால எழுதி, ஒட்டியும் விட்டுட்டாரு. பத்திரிகை கடிதமாயிடுச்சு. வாங்கினவர் காசு கட்டினாரு. பாத்திரம் வந்துச்சு, கூடவே ஒரு முறைப்பும் வந்துச்சு.

அந்தப் பழைய வகையோட முழுப் பேரு பலருக்குத் தெரியாது. புக், பேட்டர்ன், சாம்பிள் பாக்கெட். அச்சடிச்சதுக்கு மட்டும் இல்ல, வியாபார மாதிரிச் சரக்கைச் சின்னப் பொட்டலமா அனுப்பவும் அதுல இடம் இருந்தது. துணி மாதிரி, தானிய மாதிரி. கடிதத்துக்கும் பார்சலுக்கும் நடுவுல ஒரு சின்னத் திண்ணை மாதிரி அந்த வகை. இப்ப அந்தத் திண்ணைதான் இடிஞ்சுக்கிட்டு வருது.

வெளிநாட்டுல வடிவம் எப்படி விலையாகுதுன்னு பார்த்தா நம்ம நிலைமை நல்லா விளங்கும். இங்கிலாந்துல 2006 ஆகஸ்ட்டுல இருந்து எடையோட அளவையும் சேர்த்துட்டாங்க. 24 சென்டிமீட்டர் நீளம், 16.5 அகலம், அரை சென்டிமீட்டர் தடிமன், 100 கிராம் வரைக்கும் சாதா லெட்டர். அதைத் தாண்டினா 35.3க்கு 25, இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் வரைக்கும் பெரிய லெட்டர், விலை கூட. அதையும் தாண்டினா பாக்கெட். அட்டையில் ஒரு நீளத் துவாரம் வெட்டி வச்சிருப்பாங்க. கவர் அதுக்குள்ள நுழைஞ்சா ஒரு விலை, நுழையலைன்னா இன்னொரு விலை. அமெரிக்காவுல இன்னும் வேடிக்கை. சதுரக் கவருக்குக் கூடுதல் கட்டணம். நீளத்தை உயரத்தால் வகுத்தா 1.3ல இருந்து 2.5க்குள்ள வரணும். காரணம் மெஷின். கடிதத்தை மெஷின் நீளப்பக்கமாப் பிடிச்சு ஓட்டி, முகவரியைப் படிச்சுப் பிரிக்குது. சதுரம் எப்படி வேணா புரளும், முகவரி எந்தப் பக்கம்னு மெஷினுக்குத் தெரியாது. விறைப்பான கவர், புடைப்பான கவர் எல்லாம் உருளையில் மாட்டும். கையால பிரிக்கணும். கைக்குக் கூலி. அந்தக் கூலிதான் அந்தக் கூடுதல் காசு.

உலக அஞ்சல் ஒன்றியம்னு பெர்ன் நகரத்துல ஒரு அமைப்பு இருக்கு. 1874ல ஆரம்பிச்சது, இந்தியா 1876ல சேர்ந்தது. அவங்களும் இதே மாதிரி மூணு உருவமாப் பிரிச்சு வச்சிருக்காங்க. சின்னது அரை சென்டிமீட்டர் தடிமன் வரைக்கும், பெரிசு ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும், அதுக்கு மேல தடிச்சது. என் அவரைக் கவர் அங்க ரெண்டாவதுல விழும். கவனிங்க, அங்கயும் நடுவுல ஒரு படி இருக்கு.

இதுல எனக்குக் கோபம் வரணும்னு நீங்க எதிர்பார்க்கலாம். வரல. ஏன்னா அளவுக்கு விலைங்கிறது விவசாயிக்கு நல்லாப் புரியும். எங்க அப்பா காலத்துல நெல்லை மரக்காலில்தான் அளந்தாங்க, தராசு அப்புறம்தான் வந்தது. வைக்கோல் ஏத்துற லாரிக்காரன் என்கிட்ட எத்தனை கிலோன்னு கேட்பானா? லாரி நிறைஞ்சா லாரிக்கு வாடகை. கீரைக்கட்டை கோயம்பேட்டுக்கு ஏத்தினா மூட்டைக்கு இவ்வளவுன்னுதான் பேச்சு. கீரை மூட்டையும் கத்தரிக்காய் மூட்டையும் எடையில் ஒண்ணா? ஆனா வண்டியில் அடைக்கிற இடம் ஒண்ணு. இதையே கூரியர்காரங்க நீள அகல உயரத்தைப் பெருக்கி, சென்டிமீட்டர்ல, 5000ஆல வகுத்து, அது நிஜ எடையைவிடக் கூடுதலா இருந்தா அதுக்குத்தான் காசு வாங்குவாங்க. காலி டப்பாவுல ஒரு பொம்மையை வச்சு அனுப்பிட்டு, ஏன் ரெண்டு கிலோ விலைன்னு சண்டை போடுற நகரத்து நண்பர்களுக்கு இதைச் சொல்லிக்கிறேன். நீங்க அனுப்புறது பொம்மை இல்ல, காத்து.

எங்க ஊர் ரோட்டுக்கு வந்து நின்னு பார்த்தா இது இன்னும் தெளிவாத் தெரியும். திருவொற்றியூர்ல இருந்து மணலி புதுநகர் வழியா பொன்னேரிக்குப் போற ரோடு. ராத்திரி பகல் கன்டெய்னர் லாரிதான். எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, அந்தப் பக்கம் ராயபுரத்தை ஒட்டின சென்னைத் துறைமுகம். எல்லாத்துக்கும் போற வர்ற பெட்டிகள். 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். இல்லன்னா 40 அடி. கப்பல்காரனுக்குப் பெட்டிதான் கணக்கு. உள்ள பஞ்சா, டைல்ஸாங்கிறது அப்புறம். உலகத்துல எல்லாப் பெட்டியும் ஒரே அளவுன்னு முடிவு பண்ணினதாலதான் கிரேன், லாரி, கப்பல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது, சரக்குக் கூலி குறையுது. அந்த லாரிங்க கிளப்புற புழுதி என் வெண்டை இலையில் படியுது, பள்ளிக்கூடப் பிள்ளைங்க ரோட்டைத் தாண்ட உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது வேற பதிவு. ஆனா அளவு சீரா இருந்தா கூலி குறையும்ங்கிறது மட்டும் உண்மை.

அப்ப என் வருத்தம் எதுல? நம்ம தபால்ல அளவுக்கு விலை வைக்கிறது தப்பில்ல. நடுப்படியை எடுத்துட்டாங்க, அதுதான் தப்பு.

கடந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல என்ன நடந்ததுன்னு கோர்த்துப் பாருங்க. 1898ஆம் வருஷத்துப் பழைய சட்டம் போய், புது அஞ்சல் சட்டம் 2024 ஜூன்ல அமலுக்கு வந்தது. அந்த வருஷம் டிசம்பர்ல புத்தகத்தைப் பதிவுத் தபால்ல மலிவா அனுப்புற வசதி சத்தமில்லாம நின்னுபோச்சு. சிறுபத்திரிகைக்காரங்களும் சின்னப் பதிப்பகக்காரங்களும் திண்டாடிப் போனாங்க. 2025ல பதிவுத் தபாலே ஸ்பீடு போஸ்ட்டுக்குள்ள கரைஞ்சுது. அக்டோபர் ஒண்ணாந்தேதி ஸ்பீடு போஸ்ட் விலை ஏறுச்சு. உள்ளூருக்குள்ள 50 கிராம் வரைக்கும் 19 ரூபாய், வெளியூருக்கு 47. ஐம்பதைத் தாண்டி 250 கிராம் வரைக்கும் உள்ளூர்னா 24, வெளியூர்னா தூரத்துக்கு ஏத்த மாதிரி 59ல இருந்து 77 வரை. வரி தனி. முன்ன சாதாப் பதிவுத் தபால் வரியோட 25 ரூபாய் 96 காசுல ஆரம்பிச்சுது. அதே மாதிரி ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும்னா இப்ப வெளியூருக்கு 47ஓட இன்னொரு அஞ்சு ரூபா, அதுக்கும் வரி, ஆக 61 ரூபாய் 36 காசு.

விலை ஏத்தினதை மட்டும் வச்சுத் திட்டறது நேர்மை இல்ல. 2012க்கு அப்புறம் ஸ்பீடு போஸ்ட் விலையைத் தொடவே இல்ல. அந்தப் பதிமூணு வருஷத்துல டீசல் என்ன விலை ஏறுச்சு, என் கூலியாள் சம்பளம் என்ன ஏறுச்சு! தபால் துறை லாபத்துல ஓடல. மழையில் முழங்கால் தண்ணியில சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்ற தபால்காரருக்குச் சம்பளம் எங்கிருந்தோ வரத்தானே வேணும். மாணவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்திருக்காங்க, அதுவும் நல்லது.

ஆனா பாருங்க, இந்த 47 ரூபாய்ப் பட்டியல் முழுக்க டாகுமெண்ட்டுக்கு. தாள், சான்றிதழ், காசோலை. தட்டையான நகரத்துச் சரக்கு. அதுக்கு அடுத்து பார்சல்னு போயிடுது. அது ஆன்லைன்ல பொருள் விக்கிறவங்க கணக்கு. நடுவுல இருக்கிற 38 கிராம் புடைப்புக்கு எதுல இடம்? ஒரு கவுண்டர்ல டாகுமெண்ட்டுன்னு எடுத்துக்கிறாங்க, இன்னொரு கவுண்டர்ல பார்சல்ங்கிறாங்க, மூணாவதுல "சாதாவுல போடுங்க ஐயா, சேர்ந்துடும்"னு அனுப்பி வைக்கிறாங்க. கவுண்டர்ல இருக்கிறவங்க மனசைப் பொறுத்து என் விதைக்கு விலை மாறுது. இந்த நிலைமையில் நகரத்துல ஒருத்தர் என்கிட்ட பத்து ரூபா விதை வாங்க ஐம்பத்தஞ்சு ரூபா ஏன் கொடுக்கணும்? மாலுக்குப் போனா பளபளன்னு அட்டையில் கம்பெனி விதை கிடைக்குது. அதை ஒரு தடவை போடலாம். பலது ஒட்டுரகம், அதுல எடுத்த விதை அடுத்த பட்டத்துக்குத் தாய்ச்செடி மாதிரி வராது. என் அவரை வரும். நட்டம் என் பத்து ரூபா மட்டும் இல்ல. இன்னொரு வெள்ளம் வந்தா எனக்குத் திருப்பிக் கொடுக்க பெரம்பூர் மாடியில் விதை இருக்காது.

புத்தகத்துக்கு ஒரு வழி பண்ணினாங்க. எதிர்ப்பு வந்த பிறகு 2025 மே ஒண்ணாந்தேதி ஞான் போஸ்ட்டுன்னு ஒரு வகை கொண்டு வந்தாங்க. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், அஞ்சு கிலோ வரைக்கும் 100 ரூபாய், வரி தனி. தரை வழியாத்தான் போகும், மெதுவாப் போகும், போகட்டுமே. செய்தித்தாளுக்கு ரொம்ப காலமாவே தனி விலை, பதிவு பண்ணின பத்திரிகை ஒண்ணு 50 கிராம் வரைக்கும் கால் ரூபாய்தான். பார்வையற்றவங்களுக்கான பிரெயில் புத்தகத்துக்குத் தபால் செலவே கிடையாது. ஆக, உள்ள என்ன இருக்குன்னு பார்த்துச் சலுகை கொடுக்கிறது தபால் துறைக்குத் தெரிஞ்ச வேலைதான். அறிவு பரவட்டும்னு புத்தகத்துக்குக் கொடுக்கிறாங்க. விதையும் அறிவுதானேன்னு சொன்னா மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். நான் வேற மாதிரி சொல்றேன். விதை பரவலைன்னா சாப்பாடு பரவாது.

அமெரிக்காக்காரன் இதைச் செஞ்சிருக்கான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல இருந்து 1920களோட தொடக்கம் வரைக்கும் அந்த நாட்டு எம்.பி.க்கள் தொகுதி மக்களுக்கு விதைப் பொட்டலத்தை இலவசமாத் தபால்ல அனுப்பினாங்க. அரசாங்கச் செலவு. விதைக் கம்பெனிகள் எதிர்த்துக்கிட்டே இருந்தாங்க, கடைசியில் நின்னுது. 1913ல அங்க பார்சல் போஸ்ட் ஆரம்பிச்சதும் பண்ணையில் இருந்து முட்டையும் வெண்ணெயும் தபால்லயே நகரத்துக்குப் போச்சு. சலுகை கொடுத்தா யாராவது ஏமாத்துவாங்களேன்னு கேட்பீங்க. ஏமாத்தினாங்க. 1916ல யூட்டா மாநிலத்துல வெர்னல்ங்கிற ஊர்ல ஒரு பேங்க் கட்டினாங்க. செங்கலை வண்டியில் கொண்டு வந்தா கூலி அதிகம்னு, சால்ட் லேக் சிட்டியில் இருந்து 50 பவுண்டு கட்டாக் கட்டி எண்பதாயிரம் செங்கலைத் தபால்லயே அனுப்பிட்டாங்க! தபால் துறை பார்சலை நிறுத்தல. ஒருத்தர் ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 200 பவுண்டுக்கு மேல அனுப்பக்கூடாதுன்னு விதியைத் திருத்திக்கிச்சு. எலி இருக்குன்னு யாரும் களஞ்சியத்தை இடிக்கிறதில்ல.

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்ல. 250 கிராம் வரைக்கும், ரெண்டு சென்டிமீட்டர் தடிமன் வரைக்கும், நாடு முழுக்க ஒரே விலையில் ஒரு சின்னப் பொட்டல வகை. ஞான் போஸ்ட் மாதிரி 20 ரூபாய் வைங்க, வரியோட 24 வரட்டும், கொடுக்கிறோம். தரை வழியில் மெதுவாப் போகட்டும், விதை கெட்டுப்போகாது. ஒரு நம்பர் கொடுங்க, எங்க இருக்குன்னு பார்க்க. கவுண்டர்ல அட்டையில் ரெண்டு துவாரம் வெட்டி வைங்க, ஒண்ணு அரை சென்டிமீட்டர், ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர். நுழைஞ்சா இந்த விலை, நுழையலைன்னா அந்த விலை. அந்தப் பொண்ணு என் கவரை விரலால அழுத்திப் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், எனக்கும் அதுக்கும் வாக்குவாதம் வேண்டாம். எனக்காக மட்டும் இல்ல. கண்ணாடி வளையல் செய்யறவர், மூலிகைப் பொடி அனுப்புற அக்கா, தையல் மாதிரி அனுப்புறவங்க, எல்லாரும் இந்தச் சந்துலதான் மாட்டியிருக்கோம்.

அதுவரைக்கும், எனக்கு விதை அனுப்புறவங்க கொஞ்சம் கவனிங்க. கீரை விதைக்குக் கவலையே இல்ல, ஒரு கிராம்ல ஆயிரத்துக்கு மேல இருக்கும், தாளுக்குள்ள தாளா மடிச்சு அனுப்பலாம். சுரை, பூசணி தட்டை, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்பி ஒட்டுங்க. அவரை, மொச்சை, முருங்கை மாதிரி உருண்டைதான் வம்பு. பழைய நோட்டு அட்டையில் விதை உட்கார்ற அளவுக்கு ஓட்டை வெட்டி, அதுல வச்சு, ரெண்டு பக்கமும் தாள் ஒட்டினா கவர் தட்டையாயிடும், முத்திரை அடியும் தாங்கும். ஸ்டாம்பு ஒட்டுற மூலையில் விதை வராம பார்த்துக்கோங்க, அடி விழுறது அங்கதான். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சமையல் தராசுல எடை பாருங்க. 20 கிராமைத் தாண்டினா வெட்கப்படாம இன்னொரு ஸ்டாம்பு ஒட்டுங்க. பின்கோடை ஆறு கட்டத்துலயும் தெளிவா எழுதுங்க, எங்களுது 600103. சிங்கப்பூர், துபாய்ல இருந்து கேட்கிறவங்க மன்னிக்கணும். செடிநோய் இல்லன்னு சான்றிதழ் இல்லாம நாடு விட்டு நாடு விதை அனுப்பக்கூடாது. கவர்ல மறைச்சு வைக்கச் சொல்லாதீங்க.

மதுரைக் கவர் நேத்து போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அந்த வாசகி செய்தி அனுப்பினாங்க. எட்டு நாள் ஆச்சு. ரெண்டு அவரை உடைஞ்சிருக்கு, மிச்சம் நல்லா இருக்காம். அட்டையில் ஓட்டை வெட்டுற வேலையை இன்னைக்கு சாயங்காலம் பேத்திகிட்ட ஒப்படைச்சிருக்கேன். இன்னும் பதினாலு கவர் பாக்கி.